ஷட்டரைப் பூட்டியது ஆண்டவர் அல்ல

மக்கா,

அன்றைக்கு நம் ஒற்றை அறைக் கோலியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் ‘நான் அங்கே இல்லையே’ என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவர்களைத் தாராவியில் நான் நிறையப் பார்த்தாயிற்று. நான் இருந்தேன். உன் மகள் ஜெனி இருந்தாள். கல்யாண ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று பிரித்துத் தைக்கக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்துக் கோலி ரொக்கையா கட்டில் ஓரத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு நேரே, நீல பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வமணி. தோல் பை பட்டறை முதலாளி, உன் அப்பா வேலை பார்த்த இடம். அவரைத் தூக்கிவந்த மூத்த மகன் ஆல்பர்ட் நாற்காலிக்குப் பின்னால். அவனுக்கும் பின்னால், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசற்படியிலேயே நின்றவர் சபை மூப்பர் ஞானதாஸ் அண்ணாச்சி. அவ்வளவு பேர்தான். நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதை ஒரு கவரில் போட்டு நெருளுக்கு உன் வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நம் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும், ஆனால் ஒரு பேரையும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொன்னது ஊர் கூடி நிற்கும்போது. உண்மையை மட்டும் காதோடு சொல்ல நான் என்ன திருடியா?

போன வாரம் போனில் நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். “எம்மா, கல்யாணத்தன்னைக்கு ஜெனியக் கேட் வரைக்கும் நான் கூட்டிட்டு வாரேன். உள்ள அவ மாமா கூட்டிட்டுப் போகட்டும். என் அப்பாவ எரிச்ச சாமி முன்னால என்னால நிக்க முடியாது.” அப்புறம் பேச்சை மாற்றி, பந்தியில் பாயசமா ஐஸ்கிரீமா என்று கேட்டாய். நானும் ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு அடுப்பில் இட்லிப் பானை தண்ணீர் வற்றித் தீய்கிற வாசம் வந்துதான் எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் பெண்டாட்டியையும் மகளையும் தாராவியில் நம் கோயில் வாசலில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் ஆராதனை முடிகிற வரைக்கும் நிற்கிறவன் நீ. உள்ளே வர மாட்டாய், விட்டுவிட்டுப் போகவும் மாட்டாய். நீ சோம்பேறி என்றார்கள், ஆபீஸில் பெரிய ஆள் ஆகிவிட்டான் என்றார்கள். எனக்குத் தெரியும், நீ பயந்து நிற்கிறாய். இரண்டாம் வகுப்பில் படித்தபோது உனக்குள் போட்ட பயம் அது. போட்டது யார் என்றும் எனக்குத் தெரியும்.

உன் அப்பா செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் அவசர வேலை. பைகள் திங்கட்கிழமை காலையில் போயாக வேண்டும். செல்வமணி சபைக் கமிட்டியில் இருந்தார். ஓய்வுநாளில் அவர் பட்டறையில் மெஷின் ஓடுகிறது என்று கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டால் மானம் போய்விடும். அதனால் உன் அப்பாவை உள்ளே உட்காரவைத்து, ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் போட்டிருந்தார். நான் பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் உன்னை மடியில் வைத்திருந்தேன். அப்பா எங்கே என்று நீ கேட்டாய், வேலை முடிந்து வருவார் என்றேன். பிரசங்கம் பாதியில் ரொக்கையாவின் தம்பி செருப்போடு உள்ளே ஓடிவந்து, தீ, தீ என்று இந்தியில் “ஆக்! ஆக்!” எனக் கத்தினான். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டின்னில் தீப்பிடித்திருக்கிறது. அது பிடித்தால் பெட்ரோல் மாதிரி.

நான் போய்ச் சேர்ந்தபோது ரொக்கையா நம் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பூட்டை அடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை அவளுக்கு. நானும் பிடித்தேன். பூட்டு உடைந்தபோது உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. இதற்கு மேல் எழுத மாட்டேன், நீ அறிந்ததுதான். அந்தக் குழவியில்தான் இன்றைக்கும் சட்னி அரைக்கிறேன். ஒரு ஓரம் உடைந்திருக்கும், கை வைத்தால் தெரியும். ‘ஏன் புதுசு வாங்கக் கூடாது’ என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அதுதான் காரணம்.

போலீஸ் வந்தபோது பூட்டைக் காணவில்லை. ஷட்டர் திறந்துதான் இருந்தது, புகையில் வழி தெரியாமல் இறந்துவிட்டார் என்று செல்வமணி சொன்னார். சந்தில் எத்தனை பேர் பார்த்தார்கள்! ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. நானும் ரொக்கையாவும் சொன்னோம், நாங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. ஏன் மற்றவர்கள் வாய் அடைத்துப்போனது என்று பல வருஷம் யோசித்தேன். செல்வமணிக்குப் பயந்தா? அவர் அவ்வளவு பெரிய தாதா ஒன்றுமில்லை. கல்லறையில் நடந்ததுதான் காரணம். குழிக்குப் பக்கத்தில் நீ பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாய். வேறு வெள்ளைச் சட்டை உனக்கு இல்லை. ஞானதாஸ் அண்ணாச்சி உன் தலையில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தம்பி, ஓய்வுநாள மீறுன உங்க அப்பாவ ஆண்டவர் நியாயந்தீர்த்துட்டாரு. நீயாவது பயந்து நடந்துக்க.” ஊரும் தலையை ஆட்டியது. ஆண்டவரே செய்தது என்று ஆன பிறகு பூட்டு எங்கே என்று யார் கேட்பார்கள்? ஒரு ஷட்டரைச் செல்வமணி பூட்டினார். ஊர் வாயை இவர் பூட்டினார். உன்னையும் சேர்த்துத்தான்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் எழுத்துப் படித்தது எதற்கு என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? ‘எங்க அம்மா வேதம் வாசிக்க ஆசைப்பட்டு என்கிட்ட அ, ஆ படிச்சா’ என்று உன் ஆபீஸ்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாயாம், ஜெனி சொன்னாள். ஆசை உண்மைதான். ஆனால் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். நூற்றி ஒன்பதாம் சங்கீதம். நம் ஆட்களுக்கு அது தெரியும். அநியாயம் செய்தவன் வாசலைப் பார்த்து நின்று அதைப் படித்தால் அவன் குடும்பம் விளங்காது என்பார்கள். குழாயடியில் சண்டை முற்றினால் “உனக்கு நூத்தி ஒம்பது படிக்கேன் பாரு” என்று கையை நீட்டுவார்கள். அடுத்தவரை விட்டுப் படிக்கச் சொல்லக் கூடாது, நம் வாயால் படிக்க வேண்டும். எனக்கோ கை நாட்டு. அதனால் உன் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உன்னிடமே படித்தேன். நீ பென்சிலால் என் விரலில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தாய். பின்னால் மெட்ரோவோ மேம்பாலமோ எது வந்தாலும் எனக்கு என்ன, அந்த வருஷம் எனக்கு ‘ழ’ வந்தது, அதுதான் பெரிய சமாச்சாரம்.

ஒரு நாள் சாயங்காலம் செல்வமணி வீட்டைப் பார்க்க நம் வாசலில் நின்று படிக்க ஆரம்பித்தேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி. அவன் நாள் குறையட்டும் என்கிற இடம் வரை வந்துவிட்டேன். அடுத்த வரியில் நாக்கு சிக்கியது. நீ என் இடுப்பளவு நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாய். “அவன் பிள்ளைகள் தகப்பன் இல்லாமப் போகணும்னு போட்டிருக்கும்மா. பொண்டாட்டி விதவையா ஆகணுமாம்” என்றாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாய்: “எம்மா, இது நம்மளையா போட்டிருக்கு?”

புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த நேரத்தில் செல்வமணியின் மகன் ஆல்பர்ட், உன் வயதுப் பயல், எதிரே நடையில் உட்கார்ந்து மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். இன்னொரு நீயையும் இன்னொரு என்னையும் செய்து கொடு என்றா நான் ஆண்டவரிடம் கேட்பது? அவருக்கு அது முடியாதது இல்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. அதற்காக விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நான் எதையும் விடுகிறவள் இல்லை. உன் கல்யாணத்தில் உன் மாமியார் எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டாளே, ரசம்கூட ஆறிப்போயிருந்தது, அதையே நான் விடவில்லை. வேண்டுதலை மட்டும் மாற்றிக்கொண்டேன். ‘ஆண்டவரே, அவனைச் சாகடிக்காதே. பூட்டினேன் என்று அவன் வாயாலே சொல்லவை. அதுவரைக்கும் அவனையும் வை, என்னையும் வை.’

படிக்க வந்த பிறகு சும்மா இருப்பேனா, மற்ற பக்கங்களையும் படித்தேன். நாபோத் என்று ஒருவன். அவன் திராட்சைத் தோட்டத்தின் மேல் ராஜா ஆசைப்பட்டான். ராணி என்ன செய்தாள்? முதலில் ஊரையே உபவாசம் இருக்கச் சொன்னாள். அப்புறம்தான் பொய்ச்சாட்சி, அப்புறம்தான் கல்லெறி. ஜெபத்தைப் போர்த்திக்கொண்டு கொன்றார்கள். அதைப் படித்தபோது எனக்கு நம் சந்துதான் கண்ணில் தெரிந்தது. ஆண்டவர் என்ன செய்தார் பார். உடனே இடியை இறக்கவில்லை. ராஜாவின் முகத்துக்கு நேரே ஒரு ஆளை அனுப்பி, ‘கொன்றும் போட்டாய், எடுத்தும் கொண்டாயோ’ என்று கேட்கவைத்தார். நடந்தது நடந்தபடி சத்தமாகச் சொல்லப்பட வேண்டும். அவருடைய நியாயத்தீர்ப்பு அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குப் பட்டது. இப்போது வருகிற இளம் போதகர்கள் ‘ஆண்டவர் அன்பானவர், நியாயத்தீர்ப்பைச் சொல்லி ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாது’ என்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அந்த நாளைக் கேட்டு யார் பயப்படுகிறார்கள்? வக்கீல் வைக்க வசதி இருக்கிறவர்கள் பயப்படட்டும். எனக்கு அது தள்ளிப்போடாத ஒரே வாய்தா. அக்கிரமத்தைக் கண்டு கோபம் வராத கடவுளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் புருஷன் உள்ளேயிருந்து தட்டினதை அவராவது கேட்டிருக்க வேண்டாமா?

இன்னொரு இடமும் படித்தேன். அதை உனக்காகவே விரல் வைத்து மூன்று தரம் படித்தேன். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து ஜனங்கள் செத்துப்போனார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். ராசா, அவரே இல்லை என்கிறார். ஓய்வுநாளில் மாடு கிணற்றில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று கேட்டவரும் அவர்தான். மாட்டைத் தூக்கச் சொன்னவர் மனுஷனைப் பூட்டி எரிப்பாரா?

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். செல்வமணிக்கு இந்த வருஷம் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது. சந்தில் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். “எக்கா, நீங்க படிச்ச நூத்தி ஒம்பது பலிச்சிட்டு, பொய் சொன்ன வாய ஆண்டவர் பிடிச்சிட்டாரு” என்று குழாயடியில் என்னைப் பாராட்டினார்கள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: “ரொக்கையா மாமனாருக்குந்தான் வாய் கோணிச்சு. ஈ எறும்ப நசுக்காத மனுசன். அவரு என்னட்டி பொய் சொன்னாரு?” ஆமாம், என் எதிரிக்குப் பரிந்துதான் பேசினேன். உன் அப்பாவின் சாவுக்கு ஞானதாஸ் அண்ணாச்சி சொன்ன விளக்கத்தையே நான் செல்வமணியின் நோவுக்குச் சொன்னால், அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

என்னிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று செல்வமணி பிடிவாதம் பிடித்ததால் ஆல்பர்ட் அவரைத் தூக்கிவந்து உட்காரவைத்தான். ஞானதாஸ் அண்ணாச்சி வாசற்படியிலிருந்தே, “தங்கச்சி, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போம். எல்லாம் தேவ சித்தம்” என்று கண்ணை மூடினார்.

“கண்ணத் திறங்க அண்ணாச்சி. முதல்ல இவரு பேசட்டும், பிறகு ஆண்டவரத் தொந்தரவு பண்ணலாம்” என்றேன். ரொக்கையா பூண்டுத் தோலை ஊதிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

செல்வமணிக்குச் சொல் சரியாக வரவில்லை. எச்சில் வழிந்தது, ஆல்பர்ட் துடைத்தான். “நாந்தான் பூட்டுனேன். சாவி என் பையில இருந்துச்சு. கோயில்ல... ஆக்னு கத்தினப்ப... எந்திரிச்சு ஓடியிருக்கலாம். உள்ள ஆள் இருக்குன்னு சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு... கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.” அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம். மக்கா, இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான். ஜெனி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஆச்சி, டாடி சர்ச்சுக்குள்ள வராதது இதுக்காகவா? நிஜமாவா, சச் மே?” என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொன்னதில்லை, பார்.

“அத்தை, அப்பா சொல்லிட்டாவ. ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லிருங்க. இதோட விட்டிருவோம்” என்றான் ஆல்பர்ட்.

“உங்க அப்பா பூட்டுனது தெருவுல. திறக்கதையும் தெருவுலதான் திறக்கணும்” என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. செல்வமணிதான் ஒரு கையைத் தூக்கி, சரி என்கிற மாதிரி ஆட்டினார். பிறகு டீ போட்டேன். அவரால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. ஆல்பர்ட் ஊதி ஊதிக் கொடுத்தான். வாழைப்பழம் தின்ற அதே பயல், இப்போது காது மேல் நரைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செல்வமணியைப் பலிபீடத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். அவர் பேசினது முன்வரிசைக்குக்கூடப் புரியவில்லை. அதனால் ஆல்பர்ட் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சத்தமாகச் சொன்னான். நான்தான் பூட்டினேன் என்றான். சாவி என் பையில் இருந்தது என்றான். தகப்பன் பாவத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ‘நான், நான்’ என்று அவன் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். செல்வமணியின் தலையிலும் கை வைத்தேன். மன்னித்தேன் என்றேன். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. நான் கேட்ட நியாயம் எனக்குக் கிடைத்துவிட்டது. மீதி என்ன இருந்தாலும் அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள பாடு. பூட்டு இருந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த சந்துக்காரர்களையும், ரொக்கையா சொன்னதை எழுதிக்கொள்ளாத போலீஸ்காரனையும் அன்றைக்கே சேர்த்து விட்டுவிட்டேன். நீ அப்போது எதிரே டீக்கடையில் நின்றாய். வெளியே வந்து சொல்லலாம் என்று பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை, எழுதித்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதுவரை பொறுங்கள், நானே சொல்கிறேன் என்று உன் பெண்டாட்டியிடமும் ஜெனியிடமும் கேட்டுக்கொண்டேன். நீ கற்றுக்கொடுத்த எழுத்துதானே.

கோயில் கேட்டில் ஞானதாஸ் அண்ணாச்சியைப் பிடித்தேன். “அண்ணாச்சி, செல்வமணி சொல்லிட்டாரு. நீங்க கல்லறையில சொன்னது?” என்று கேட்டேன்.

“அது ஆறுதலுக்குச் சொன்னது தங்கச்சி.”

“ஆறுதலா? சின்னப் பிள்ளைகிட்ட அவன் அப்பாவ ஆண்டவர் எரிச்சாருன்னு சொல்லது ஆறுதலா? அங்க என் மகன் நிக்கான், பாருங்க. ரோட்டத் தாண்டிப் போய் ‘அன்னைக்கு நான் சொன்னது பொய்’னு சொல்லிட்டு வாங்க. இங்க இருந்து நாப்பது அடி இருக்காது.”

அவர் உன்னைப் பார்த்தார். நீ கிளாஸை டீக்கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். “பழசக் கிளறாத. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கு” என்று எனக்கே வேதம் சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார்.

ராசா, உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஏன் வேலைக்குப் போனார் தெரியுமா? உனக்கு மழைக்காலத்துக்கு முன்னால் ஷூ வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காக ஒருத்தரும் யாரையும் எரிக்க மாட்டார்கள், ஆண்டவரும் எரிக்க மாட்டார். நீ இத்தனை வருஷம் கேட்டுக்கு வெளியே யாருக்குப் பயந்து நின்றாயோ, அவர் அந்தப் பட்டறைக்குள்ளே உன் அப்பாவோடு இருந்து ஷட்டரைத் தட்டினார் என்றுதான் நான் நம்புகிறேன். கல்யாணத்தன்றைக்கு ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வா. ஆண்டவர் மேல் உனக்குச் சண்டை இருந்தால் உள்ளே வந்து போடு. நான் போடாத சண்டையா? முதல் பெஞ்சில் உனக்கும் ரொக்கையாவுக்கும் இடம் சொல்லியிருக்கிறேன். ஆல்பர்ட்டும் வருகிறான், அவன் கையைப் பிடித்துப் பேசு.

செல்வமணி என் புருஷனை எடுத்தார். திரும்பி வந்து தலை குனிந்தார், மன்னித்தேன். உன் ஆண்டவரை உன்னிடமிருந்து எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ரோட்டைத் தாண்டி வந்து உன்னிடம் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பத்திரிகையில் இதைப் படிக்கிறவர்களும், உன் மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களும், அவரும்கூடத் தெரிந்துகொள்ளட்டும் என்று பேரைப் போட்டே முடிக்கிறேன். என்னைக் குழியில் இறக்குகிற வரைக்கும் நான் மன்னிக்க மாட்டேன் என்கிற ஒரே ஆள், மூப்பர் ஞானதாஸ்.